இன்னொரு காப்பிக்குக் காசு இருந்த காலம்

பழைய ஸ்டுடியோக்காரர்கள் நெகட்டிவைக் கண்ணும் கருத்துமாகக் காத்தார்கள் என்று யாராவது உருகிப் பேசினால் எனக்குச் சிரிப்பு வரும். காத்தார்கள், உண்மைதான். அதில் காசு இருந்தது, காத்தார்கள். என் அப்பா குலசேகரன்பட்டினத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். அதே கடையில் இன்று நான் உட்கார்ந்திருக்கிறேன். படம் எடுத்த அன்று அவருக்குக் கிடைத்ததைவிட, அதே நெகட்டிவிலிருந்து பத்து வருஷம் கழித்துப் போட்டுக் கொடுத்த காப்பியில் கிடைத்தது அதிகம்.

கறுப்பு வெள்ளைக் காலத்தில் யாஷிகா கேமராவும் 120 ரோலும்தான் ஸ்டுடியோவின் மூலதனம். ஒரு ரோலில் பன்னிரண்டு படம். பிலிம் சில சமயம் ஊட்டியிலிருந்து வந்த ‘இந்து’வாக இருக்கும், 1960-இல் மத்திய அரசு தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் சரக்கு அது. கழுவி உலர்த்திய நெகட்டிவைத் தனித்தனியாக வெட்டி, பட்டர் பேப்பர் கவரில் போட்டு, கவரின் மேல் பில் நம்பர் எழுதுவார் அப்பா. கவர்கள் நம்பர் வரிசைப்படி பிஸ்கட் தகர டப்பாவுக்குள் போகும். டப்பா போகும் மர அலமாரிக்குள் இரவும் பகலும் ஒரு ஜீரோ வாட் பல்பு எரியும். எங்கள் ஊர்க் காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்தே வரும். பிலிமின் மேலிருக்கும் ஜெலட்டின் பூச்சில் ஃபங்கஸ் பிடித்துவிட்டால் முகத்தில் சிலந்தி வலை பின்னியதுபோல் ஆகிவிடும். அந்தச் சின்ன பல்பின் சூடுதான் அலமாரியை உலர்வாக வைத்திருந்தது. லென்ஸ்களும் அதே அலமாரியில்தான்.

“அண்ணாச்சி, எங்க அய்யா படம் ஒண்ணு ஒங்ககிட்ட கெடக்குமா?”

இந்தக் கேள்வியோடு வருகிறவர் வீட்டில் அன்று காலைதான் சாவு விழுந்திருக்கும். இறந்தவர் எப்போதோ கொழும்புக்கோ வளைகுடாவுக்கோ போவதற்காக எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படம்தான் அவர் வாழ்நாளில் எடுத்த ஒரே படமாக இருக்கும். அப்பா பில் நோட்டைப் புரட்டி, கவரை உருவி, டார்க் ரூமுக்குள் போவார். பதினாறாம் நாள் காரியத்துக்குள் மாலை போடுகிற அளவில், டச்சிங் எல்லாம் செய்து, சட்டம் போட்ட படம் தயார். இந்த வருமானம் இருந்ததால்தான் பில் நோட்டு இருந்தது, டப்பா இருந்தது, பல்புக்குக் கரண்ட் பில் கட்ட மனம் வந்தது.

தசராவும் அப்படித்தான். எங்கள் ஊர் முத்தாரம்மனுக்குக் காப்புக் கட்டி வேஷம் போடுகிறவர்கள் ஊர் ஊராகப் போய்க் காணிக்கை எடுத்துவிட்டு, சூரசம்ஹாரத்துக்கு முன்னால் கடைக்கு வந்து நிற்பார்கள். காளி, குறவன் குறத்தி, குரங்கு, போலீஸ்காரர். வேஷத்தோடு ஒரு படம். அடுத்த வருஷம் வேறு வேஷம், வேறு படம். தகரத்திலும் அட்டையிலும் செய்த கிரீடங்கள், மரத்தில் அறுத்த காளியின் கைகள் எல்லாம் அந்த நெகட்டிவ்களில் இருக்கின்றன. வரலாற்றுக்காக யாரும் எடுத்து வைத்ததில்லை. மாமா காளி வேஷம் கட்டியதைப் பார்க்க வேண்டும் என்று யாராவது வருவார்கள், ஒரு காப்பிக் காசு வரும், அவ்வளவுதான்.

பிறகு வீடியோ வந்தது, காப்பது நின்றது. இந்த இடத்தை எங்கள் தொழிலில் யாரும் வெளியே சொல்வதில்லை. கேசட் விலை அதிகம். ஒரு கல்யாணத்தை எடுத்து, மிக்ஸிங் முடித்து, வீட்டாருக்கு விஎச்எஸ் கேசட்டைக் கொடுத்துவிட்டால், மாஸ்டர் கேசட்டிலேயே அடுத்த கல்யாணத்தை எடுப்பார்கள். அடுத்து வந்த மினி டிவி கேசட்டும் அப்படியே. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் ஒரு மணி நேரத்துக்குப் பதின்மூன்று ஜிபி ஆகும்; அன்றைக்கு எங்களிடம் இருந்த எண்பது ஜிபி டிஸ்க்கில் ஆறு மணி நேரம்தான் அடங்கும். முகூர்த்த மாதம் என்றால் ஒரு வீட்டு வேலையை அழித்தால்தான் அடுத்த வீட்டு வேலைக்கு இடம். வேலை முடிந்ததும் டிவிடியில் எழுதிக் கொடுப்போம், டிஸ்க்கைத் துடைப்போம்.

அதனால் எங்கள் கடையில் காலம் தலைகீழாகக் கிடக்கிறது. எழுபதுகளின் முகம் கேட்டால் கிடைக்கும். தொண்ணூறுகளின் கல்யாணம் கேட்டால் கிடைக்காது. அந்த வீட்டிலேயே கேசட் இருந்தாலும், அதை ஓட்ட டெக் வேண்டும். உலகத்தில் கடைசியாக விசிஆர் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. நெகட்டிவுக்கு இந்தத் தொல்லை இல்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் முகம் தெரியும்.

டிஜிட்டல் கேமரா வந்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை. கரிஸ்மா ஆல்பம், பென்டிரைவ், எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க். 1956-இல் ஐபிஎம் செய்த ராமாக் என்ற முதல் டிஸ்க் இயந்திரம் ஒரு டன்னுக்கு மேல் எடை, ஐம்பது தட்டுகள், கொள்ளளவு வெறும் ஐந்து எம்பி என்று படித்திருக்கிறேன். என் கேமராவின் ஒரே ஒரு ரா படம் அதில் அடங்காது. டிஸ்க் விலை சரிந்துகொண்டே வந்ததால், அழிக்க வேண்டாம், இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்ற பழக்கம் வந்தது. நடுவில் ஒரு தடவை அது மேலே ஏறியது. 2011-இல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து டிஸ்க் ஆலைகள் தண்ணீருக்குள் போயின. எங்கோ பாங்காக்குக்கு வடக்கே பெய்த மழைக்குத் திருநெல்வேலிக் கடையில் டிஸ்க் விலை ஏறத்தாழ இரட்டிப்பானது.

இப்படி வாங்கி வாங்கி மேசை டிராயர் நிறைய டிஸ்க். மேலே மார்க்கரில் ஊர்ப் பெயர், மாப்பிள்ளை பெயர். எந்த வேலை எதில் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். கடையில் எடிட்டிங்குக்கு இரண்டு கம்ப்யூட்டர் ஆனதும் இது தாங்கவில்லை. ஒருவன் டிஸ்க்கைப் பிடுங்கினால் அடுத்தவன் வேலை நிற்கும். ஒரு கம்ப்யூட்டரின் ஃபோல்டரை ஷேர் செய்து பார்த்தோம். அதை அணைத்துவிட்டு ஒருவன் சாப்பிடப் போனால் மற்றவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நெட்வொர்க் ஸ்டோரேஜ், எங்கள் பேச்சில் ‘நாஸ் பெட்டி’, கடைக்குள் வந்தது இந்தச் சண்டையைத் தீர்க்கத்தான். காப்பது பற்றி அப்போது யாரும் பேசவில்லை.

ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைலை இன்னொன்று தன்னுடையதுபோலத் திறக்கும் வித்தையை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-இலேயே காட்டிவிட்டது. விலை குறைந்த பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று செத்தாலும் தகவல் போகாதபடி அடுக்கும் ‘ரெய்டு’ முறையைப் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் 1988-இல் எழுதினார்கள். அதெல்லாம் பெரிய இடத்துச் சமாசாரம். எங்களைப் போன்ற சின்னக் கடைக்கு அது இறங்கி வந்தது இலவச மென்பொருள் வழியாக. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் தொடங்கிய சாம்பா, லினக்ஸ் பெட்டியை விண்டோஸ் கம்ப்யூட்டரோடு பேச வைத்தது. 2005-இல் ஃப்ரீநாஸ் வந்தபின், ஓரம் கட்டிய பழைய கம்ப்யூட்டரே ஸ்டோரேஜ் ஆகலாம் என்றானது. என் அக்கா மகன் இன்ஜினியரிங் படிக்கும்போது எங்கள் பழைய மிஷின் ஒன்றை அப்படித்தான் மாற்றிக் கொடுத்தான்.

“மாமா, இத மட்டும் ஆஃப் பண்ணிராதீங்க.”

அது நன்றாகத்தான் ஓடியது. பின்னால் நாலு டிஸ்க் போடுகிற பெட்டியாக வாங்கினோம். நாலு டிபி டிஸ்க் நாலு போட்டால் பதினாறு வர வேண்டும். ரெய்டு 5-இல் பன்னிரண்டுதான் கைக்கு வரும், ஒரு டிஸ்க் அளவு காவலுக்குப் போய்விடும். ஒன்று செத்தால் புதிது போட்டு அது தன்னை நிரப்பிக்கொள்ளப் பாதி நாளுக்கு மேல் ஆகும், அதற்குள் இன்னொன்று சாகாமல் இருக்க வேண்டும். பெட்டியிலிருந்து ஸ்விட்சுக்கும், அங்கிருந்து இரண்டு கம்ப்யூட்டருக்கும் கேட்-6 கேபிள். ஜிகாபிட் லைனில் விநாடிக்கு நூற்றுப் பத்து எம்பி வரை வரும், கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு அது தாராளம். வைஃபையில் இதைச் செய்யப் பார்ப்பது வீண். யுபிஎஸ்ஸிலிருந்து பெட்டிக்கு ஒரு சின்ன வயரும் போகிறது. கரண்ட் போய் பேட்டரி இறங்கும்போது பெட்டி தானே மூடிக்கொள்ளும். வெளி இணையத்திலிருந்து உள்ளே வரும் வழியை அடைத்து வைத்திருக்கிறோம். 2022-இல் டெட்போல்ட் என்ற பூட்டுக் கும்பல் இணையத்துக்குத் திறந்து கிடந்த நாஸ் பெட்டிகளைத் தேடித்தேடிப் பூட்டிப் பணம் கேட்டது. உப்புக் காற்றுக்கு மட்டும் புது மருந்து கிடைக்கவில்லை. ஸ்விட்சின் போர்ட்டில் பச்சை பூக்கிறது, வருஷத்துக்கு ஒருமுறை பிளக்கை வெட்டிப் புதிதாக அடிக்கிறோம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஏரல் கடைத்தெருவுக்குள் புகுந்தது. அங்கே ஸ்டுடியோ வைத்திருக்கும் சிநேகிதர் ஒருவர் என்னைவிடப் பெரிய நாஸ் போட்டிருந்தார். பெட்டி, எல்லாரும் வைப்பதுபோல், மேசைக்கு அடியில் யுபிஎஸ் பக்கத்தில். ஒரு டிஸ்க் செத்தால்தானே ரெய்டு? எல்லா டிஸ்க்கும் ஒரே சேற்றுத் தண்ணீரில் கிடந்தன. அவர் கடையில் மிஞ்சியது எது தெரியுமா? அவருடைய அப்பா பரணில் போட்டு வைத்திருந்த நெகட்டிவ் டப்பாக்கள்.

அதற்கப்புறம் எங்கள் பெட்டி ஜன்னலுக்கு மேலே சுவரில் ஏறிவிட்டது. தனியாக ஒரு பெரிய டிஸ்க்கில் முழுப் பிரதி எடுத்துத் திருநெல்வேலியில் அக்கா வீட்டில் வைக்கிறேன். மாதம் ஒருமுறை அது வரும், புதியதை ஏற்றிக்கொண்டு திரும்பிப் போகும். மருமகன் கிளவுடில் போடச் சொல்கிறான். தசராப் பத்து நாள் வேலை ஒன்றரை டிபி. ஐம்பது எம்பிபிஎஸ் வேகம் இடைவிடாமல் கிடைத்தாலும் ஏறி முடிய மூன்று நாள் பக்கம் ஆகும். சம்ஹாரத்தன்று கடற்கரையில் லட்சக்கணக்கில் ஜனம், வாட்ஸ்அப்பில் ஒரு படம் போவதே பெரும்பாடு. நம் ஊரிலிருந்து ராக்கெட் விட 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாகிவிட்டது, மேலே ஏறுகிற லைன் மட்டும் இன்னும் ஆமை வேகம்.

ஆனால் டிஸ்க்குக்கும் கரண்டுக்கும் காசு எங்கிருந்து வரும் என்பதுதான் கணக்கு. கல்யாண வீட்டார் எல்லா ஃபைலையும் பென்டிரைவில் வாங்கிப் போய்விடுகிறார்கள். இன்னொரு காப்பி கேட்டு யாரும் வருவதில்லை. அப்பாவுக்கு அலமாரி வருமானம், எனக்கு அது செலவு. பல கடைகளில் பில்லின் அடியிலேயே அச்சடித்துவிட்டார்கள், பதிவுகள் மூன்று மாதம் மட்டுமே வைத்திருக்கப்படும் என்று. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் பில்லில் தனி வரி ஒன்று போட்டுப் பார்த்தேன், பத்து வருஷம் வைத்திருப்பதற்கு இவ்வளவு என்று. கல்யாண வீட்டார் பெரும்பாலும் அதை அடித்துவிடச் சொல்கிறார்கள். தசராக் குழுக்காரர்கள் பேரம் பேசாமல் கொடுக்கிறார்கள். போன வருஷம் செட்டில் யார் காளி கட்டினார்கள், யார் மேளத்துக்கு முன்னால் ஆடினார்கள் என்று அவர்களுக்குள் வருஷா வருஷம் பேச்சு கிளம்பும், அதை ஓட்டிக் காட்ட என்னிடம்தான் வர வேண்டும்.