திருவல்லிக்கேணியில் இரண்டு வீடுகள்

"வீட்டிலிருந்தே வேலை" என்றாலே எல்லோருக்கும் 2020 லாக்டவுன்தான் ஞாபகம் வரும். லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, குக்கர் விசிலை எண்ணிக்கொண்டு, "பத்து நிமிஷம் படுத்துட்டு அப்புறம் பார்க்கலாம்" என்று சாய்ந்தால் மணி நாலாகியிருக்கும். ஆபீஸுக்குப் போனால் ஓடுகிற வேலை வீட்டில் ஏன் நகர மாட்டேன் என்கிறது? நமக்கு மன உறுதி பற்றவில்லை என்று நம்மையே திட்டிக்கொள்வதுதான் வழக்கம். ஆனால் இதே சென்னையில் வாழ்ந்த இரண்டு பேரின் கதையைப் பார்த்தால், விஷயம் வேறு எங்கோ இருக்கிறது என்று தோன்றுகிறது.

முதலாமவர் உ.வே.சாமிநாதையர். ஏட்டுச்சுவடிகளைத் தேடித்தேடி அச்சேற்றிய 'தமிழ்த் தாத்தா' என்று பள்ளியில் படித்திருப்போம். அவர் செய்த பதிப்பு வேலையில் பெரும்பகுதி வீட்டில் வைத்துச் செய்த வேலை என்பதை மட்டும் நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

அவர் 1880-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். அந்த வருடம் அக்டோபரில், ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். நீங்கள் சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று முதலியார் கேட்டார். உ.வே.சா. படித்திருக்கவில்லை. அந்த ஒரு கேள்விதான் ஆரம்பம். சிந்தாமணி அச்சில் வந்தது 1887-ல். இடையில் ஏழு வருடம்! பகலில் கல்லூரி, மற்ற நேரமெல்லாம் சுவடி.

சுவடி வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. சீர் பிரித்திருக்க மாட்டார்கள். உரை எங்கே முடிகிறது, பாட்டு எங்கே தொடங்குகிறது என்பதையே கண்டுபிடிக்க வேண்டும். ஒருவர் ஒரு பிரதியை வாய்விட்டுப் படிக்க, மற்றவர்கள் வேறு பிரதிகளை வைத்து ஒப்பிட்டு, வித்தியாசம் வரும் இடத்தையெல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும். இதற்கு மேலதிகாரி இல்லை, அட்டெண்டன்ஸ் இல்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று மூடி வைத்தால் கேட்க ஆளில்லை.

அப்படித்தான் நானும் நினைத்தேன். ஆனால் கேட்க ஆள் இருந்தார்கள். சிந்தாமணிப் பாடத்துக்காக முதலியாரின் வீட்டுக்குத் தவறாமல் போய்வந்தார் உ.வே.சா. ஜைன சமயச் செய்திகளில் சந்தேகம் வந்தால் கும்பகோணத்து ஜைனர்களிடம் போய்க் கேட்டார். அச்சுச் செலவுக்காகப் பலரிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கினார். அதாவது, புத்தகம் வந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்ற ஒப்புதல். காமர்ஸ் மாணவன் கண்ணுக்கு இது முதல் திரட்டுகிற வழி. ஆனால் அதற்கு இன்னொரு பலனும் இருந்தது. கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவரும் 'புத்தகம் எங்கே?' என்று கேட்கக்கூடிய ஆள் ஆகிவிட்டார்.

1903-ல் அவர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகி வந்தார். குடியிருந்தது திருவல்லிக்கேணியில். கும்பகோணம் வேலையைத் தனக்கு வாங்கித் தந்த தியாகராச செட்டியாரின் பெயரில் வீட்டுக்கு 'தியாகராச விலாசம்' என்று பெயர் வைத்தார். 1919-ல் ஓய்வு பெற்றார். நம்மில் பலருக்கு ரிடயர்மெண்ட் என்றால் சாய்வு நாற்காலி. அவரோ 1924-ல் பெருங்கதை, 1937-ல் குறுந்தொகை என்று போய்க்கொண்டே இருந்தார். குறுந்தொகை வரும்போது வயது 82. மாணவர்கள் கூடவே இருந்து படித்தார்கள், எழுதினார்கள். பின்னாளில் மயிலாப்பூரிலிருந்து வந்த கலைமகளின் ஆசிரியரான கி.வா.ஜகந்நாதனும் அவர்களில் ஒருவர்.

1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' தொடங்கியது. 84 வயதில் வாராவாரம் ஒரு அத்தியாயம்! மொத்தம் 122 அத்தியாயங்கள். 1942 ஏப்ரல் 28-ல் திருக்கழுக்குன்றத்தில் அவர் காலமானதால் கதை முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது.

இரண்டாமவர் அதே திருவல்லிக்கேணியில் வாழ்ந்த வை.மு.கோதைநாயகி அம்மாள். 1901-ல் பிறந்தவர். ஐந்து வயது தாண்டியதுமே கல்யாணம் முடிந்துவிட்டது, பள்ளிக்கூடம் போகவில்லை. கதை சொல்ல வரும், எழுத வராது. தன் முதல் நாடகமான 'இந்திர மோகனா'வை அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி ஒருவர் எழுதினார். 1925-ல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை எடுத்து நடத்த ஆரம்பித்து, முப்பது வருடங்களுக்கும் மேல் நடத்தினார். எழுதிய நாவல்கள் 115. 1960-ல் காலமானார்.

பெரிய குடும்பம், வீட்டு வேலை, கச்சேரி, சுதந்திரப் போராட்டம், ஜெயில். இதற்கு நடுவில் 115 நாவல். மாதம் பிறந்தால் பத்திரிகை வர வேண்டும், தொடர்கதையின் அடுத்த பகுதிக்கு வாசகர்கள் காத்திருப்பார்கள். 'மூடு' வரட்டும் என்று உட்கார்ந்திருக்க அவருக்கு வழியே இல்லை.

இந்த இரண்டு வீடுகளிலும் எனக்குத் தெரிவது ஒன்றுதான். இருவருமே தனியாக வேலை செய்யவில்லை. ஒரு ஆபீஸ் நமக்குக் கொடுப்பது மேஜை நாற்காலி மட்டுமல்ல, நம் வேலைக்காகக் காத்திருக்கும் மனிதர்களையும்தான். அந்த மனிதர்களை இவர்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். கையொப்பக்காரர், மாணவர், தோழி, வாசகர் என்று பெயர்தான் வேறு.

காஸ்டிங் படிக்கிறவன் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓவர்ஹெட்டை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் லாபம் பொய்யாகத்தான் தெரியும். ஒருவர் நாளெல்லாம் சுவடி பார்க்க வேண்டுமென்றால், அடுப்படியை வேறொருவர் பார்த்திருக்க வேண்டும். அவர்கள் பெயர் எந்தப் புத்தக அட்டையிலும் இல்லை. கோதைநாயகிக்குக் கணவரின் ஆதரவு இருந்தது. அந்தக் காலத்தில் எத்தனை பெண்களுக்கு அது கிடைத்திருக்கும்? கிடைக்காததால் எழுதப்படாமலே போன நாவல்களுக்குக் கணக்கே இல்லை.

தியாகராச விலாசம் 2012-ல் இடிக்கப்பட்டது. அவர் சேர்த்த சுவடிகளும் புத்தகங்களும் பெசன்ட் நகரில் உள்ள உ.வே.சா. நூல்நிலையத்தில் இருக்கின்றன. ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் 1943-ல் தொடங்கிய நூல்நிலையம் அது. பீச்சுக்குப் போகிற வழியில் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள்.

அடுத்த முறை வீட்டில் வேலை ஓடவில்லை என்றால் உங்களைத் திட்டிக்கொள்வதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இதற்காக யார் காத்திருக்கிறார்கள்? யாருமே இல்லை என்றால், ஒரு நண்பனுக்குப் போன் போட்டு, "வெள்ளிக்கிழமை உனக்கு அனுப்புறேன்டா, வரலைன்னா கேளு" என்று சொல்லிவிடுங்கள். இந்தக் கட்டுரையே அப்படித்தான் முடிந்தது.