ஈயம் பூசுறவரும் ஆல்டோ கதவும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. எங்க வீட்டு ஆல்டோவை வித்துடலாம்னு முடிவானதும்தான் வேளை வந்துச்சு.

காரை ஓட்டுனது அப்பாதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, திட்டக்குடி கோயில் பக்கத்துல திரும்புறப்போ இடது பின் கதவை ஒரு கல்தூண்ல தேய்ச்சுட்டார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஒடுக்கு. அன்னைக்கு சாவியை ஆணியில மாட்டினவர்தான், அப்புறம் ஓட்டவே இல்லை. இப்ப விக்கிற நேரத்துல ஒரே பிடிவாதம்: "ஒடுக்கோட குடுக்காத. எவன் ஓட்டுன வண்டின்னு கேப்பான்."

பெரிய சர்வீஸ் சென்டர் ஒண்ணுல காட்டினேன். "கதவையே மாத்திடலாம் சார்"னு 18,000 ரூபாய்க்கு ஒரு சீட்டைக் குடுத்தாங்க. ஒடுக்கோட வித்தா வாங்குறவர் குறைக்கப் போறதே நாலாயிரமோ ஐயாயிரமோதான். கணக்கு உதைக்குதுல்ல?

அதனால விருத்தாசலம் ரோட்டுல இருக்கிற ஒரு பழைய பட்டறைக்குப் போனேன். போர்டுல மங்கலா ரெண்டே வார்த்தை: 'டிங்கரிங், பெயிண்டிங்'. வைத்தியநாத சுவாமி ஊர்ல காருக்கு வைத்தியம் பாக்க வேற எங்க போறது? :-)

அங்க ஸ்டூல்ல உக்காந்திருந்தப்போதான் அந்த வார்த்தை மண்டையைக் குடைஞ்சது. அதென்ன டிங்கரிங்? இங்கிலாந்துல கார் தகரத்தைத் தட்டி நிமிர்த்துறவருக்கு 'பேனல் பீட்டர்'னு பேரு. வடக்க போனா 'டென்டிங் பெயிண்டிங்'னு எழுதியிருப்பாங்க. நம்ம பக்கம் மட்டும் டிங்கரிங்.

ஆங்கிலத்துல டிங்கர்னா கார் மெக்கானிக் இல்லைங்க. ஊர் ஊரா நடந்து போய் ஓட்டைப் பாத்திரம், நசுங்குன கெட்டிலைச் சரி பண்ணிக் குடுத்த நாடோடித் தொழிலாளி. கார் பிறக்குறதுக்குப் பல நூறு வருஷம் முன்னாடியே இருக்கிற வார்த்தை. அதாவது, நம்ம 'ஈயம் பூசலையோ ஈயம்' ஆளேதான்!

இந்த இடத்துல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். பித்தளைப் பாத்திரத்துல புளிக்குழம்பு வச்சா களிம்பு ஏறும். அதுக்காக உள்பக்கம் வெள்ளீயம் பூசுவாங்க. ஈயம் பூசுறவர் வந்ததும் தெருமுனையில சின்னதா குழி தோண்டி, துருத்தி வச்சு கரியை ஊதி விடுவார். ஆனா முதல் வேலை பூசுறது இல்லை, ஒடுக்கு எடுக்கிறது. அண்டாவோ குடமோ நசுங்கியிருந்தா உள்ளே ஒரு இரும்பை முட்டுக் குடுத்து, வெளியில இருந்து சுத்தியலால பொத்திப் பொத்தித் தட்டுவார். அப்புறம் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, ஈயத்தைத் தொட்டு, துணியால ஒரு இழுப்பு. வெள்ளைப் புகையோட பாத்திரம் கண்ணாடி மாதிரி ஆயிடும்.

அப்புறம் எவர்சில்வர் வந்துச்சு. 1981-ல நம்ம சேலத்துலயே உருக்காலை துருப்பிடிக்காத தகடு உருட்ட ஆரம்பிச்சது. பித்தளை பரணுக்கு ஏற, ஈயம் பூசுறவரோட குரலும் தெருவுல தேய்ஞ்சு போச்சு.

அந்தக் கை எங்க போச்சு? பட்டறை அண்ணன்கிட்டயே பதில் இருந்துச்சு. "எங்கப்பா பாத்திரத்துக்கு ஈயம் பூசுனவரு தம்பி. நான் சின்னப் பையனா துருத்தி ஊதுனேன். அப்புறம் லாரிப் பட்டறையில சேர்ந்தேன். தகரம் வேற, தட்டு ஒண்ணுதான்"னார்.

கார் கட்டுற தொழில் மெட்ராஸுக்குப் புதுசு இல்லை. சிம்ப்சன் கம்பெனி 1840-லயே குதிரை வண்டி கட்ட ஆரம்பிச்சது. 1903-ல அங்கேயே நீராவிக் காரும் செஞ்சாங்க. ஆனா டிங்கருங்களுக்குக் கை வேலை குடுத்தது சுதந்திரத்துக்குப் பிந்தைய பஞ்சம்தான். லைசென்ஸ், கோட்டா காலம். அம்பாசடர், ஃபியட், நம்ம வண்டலூர்ப் பக்கம் செஞ்ச ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இவ்வளவுதான் தேர்வு. 1980 வாக்குல இந்தியா முழுக்க வருஷத்துக்கு 50 ஆயிரம் கார்கூட உற்பத்தியாகலை. புதுக் காருக்கே வருஷக்கணக்குல காத்திருந்த நாட்டுல, நசுங்குன கதவுக்குப் புதுக் கதவு கேட்டா சிரிப்பாங்க. தட்டித்தான் எடுக்கணும்.

தட்டியும் சமமாகாத பள்ளத்தை எதை வச்சு நிரப்புறது? இங்கேயும் ஈயம் வந்து நிக்குது பாருங்க. அமெரிக்கா, ஐரோப்பாவுல ரொம்ப காலம் காரீயமும் வெள்ளீயமும் கலந்து உருக்கி, கார் உடம்புல பூசி இழைச்சாங்க. 1950-கள்லதான் பாலியஸ்டர் பட்டி வந்து அந்த வேலையைச் சுலபமாக்குச்சு. சுலபமானதும் ஒரு கெட்ட பழக்கமும் கூடவே வந்துச்சு: தட்டவே தட்டாம, பள்ளத்துல பட்டியை அப்பி, தேய்ச்சு, பெயிண்ட் அடிச்சுடுறது.

1983 டிசம்பர்ல மாருதி 800 வந்தப்புறம் தகரம் மெலிசாச்சு. அம்பாசடரை அடிச்ச மாதிரி அடிச்சா தகரம் நீண்டு உப்பிக்கும். கை கத்துக்கிட்டதையே மறுபடி கத்துக்க வேண்டியதாச்சு.

நம்ம கதவுக்கு அண்ணன் என்ன பண்ணினார்? முதல்ல நான் இன்டர்நெட்ல பாத்த வெந்நீர், பாத்ரூம் பம்ப் வித்தையைச் சொன்னேன். சிரிச்சார். "பிளாஸ்டிக் பம்பருக்கு வெந்நீர் கேக்கும். தகரத்துல மடிப்பு விழாத பெரிய பள்ளம்னா பம்புக்கு வரும். இதுல கோடு விழுந்திருச்சே." உள் அட்டையைக் கழட்டி, ஒரு கையில டாலி இரும்பை உள்ளே முட்டுக் குடுத்து, இன்னொரு கையால வெளியே தட்டினார். நடுப்பள்ளத்தை முதல்ல தொடவே இல்லை. சுத்தி எழும்பியிருந்த வரம்பை அமுக்கினார். கடைசியா வந்த வளைவைத்தான் முதல்ல எடுக்கணுமாம். அப்புறம் பள்ளம் தானா மேல வர ஆரம்பிச்சது. அண்டாவுக்கும் அதே முறைதானாம்.

ஒன்றரை மணி நேரம். முக்கால்வாசி சரியாச்சு. கையை வச்சா மட்டும் ஒரு மெல்லிசு அலை தெரியுது. "பட்டி போட்டுப் பெயிண்ட் அடிச்சா 4,500. ஒடுக்கே இருந்த மாதிரி தெரியாது. அப்படியே விட்டு, கீறல்ல மட்டும் டச்சப்னா 1,500. நீங்களே சொல்லுங்க"ன்னார்.

போன் போட்டு அப்பாகிட்ட கேட்டேன். தெரியவே கூடாதுன்னு நின்னவர் இல்லையா? கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அந்தக் காலத்துல ஈயம் பூசுறவர் ஓட்டையைப் பூசி மறைக்க மாட்டார்டா. அடைச்சுட்டுத்தான் பூசுவார். டச்சப் போதும்"னார்.

வாங்க வந்தவர் பெண்ணாடத்துக்காரர். பாக்கெட்ல இருந்து பழைய ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்து, துணி சுத்தி, கதவு கதவா வச்சுப் பாத்தார். பட்டி கனமா இருந்தா காந்தம் பிடிக்காதுல்ல? எங்க கதவுல கப்புனு ஒட்டிச்சு. அலையை விரலால தடவிட்டு, "அடிபட்டதா?"ன்னார். நான் வாயைத் திறக்குறதுக்குள்ள திண்ணையில இருந்து அப்பாவே குரல் குடுத்தார்: "நான்தான் தம்பி தூண்ல தேய்ச்சேன். தட்டித்தான் எடுத்திருக்கு, பூசலை." விலையில ஆயிரம் ரூபாய்தான் குறைச்சார்.

அப்புறம் அண்ணன்கிட்ட பையனைப் பத்திக் கேட்டேன். திருச்சியில ஒரு ஷோரூம்ல வேலையாம். "அங்க இன்சூரன்ஸ்ல எல்லாத்தையும் மாத்திடுவாங்க தம்பி. மாத்துறதுக்கு ஆள் இருக்கு. தட்டுறதுக்குத்தான்..." முடிக்காம சுத்தியலை எடுத்துக்கிட்டு உள்ளே போயிட்டார்.

பித்தளை போனப்போ அந்தக் கைக்கு ஒதுங்க தகரம் இருந்துச்சு. தகரமும் போனா எங்க ஒதுங்கும்னு எனக்குத் தெரியலைங்க.

பி.கு: உங்க ஊர்ல இந்த வேலைக்கு என்ன பேரு? ஒடுக்கா, சொட்டையா, நெளிசலா? வந்து சொல்லிட்டுப் போங்க மக்களே.