பாக்குக் கிடங்கும் தினப்படிக் குறிப்பும்

ஆனந்தரங்கப் பிள்ளை பெயரைக் கேட்டதும் துய்ப்ளேக்ஸ், கர்நாடகச் சண்டை, சென்னைக் கோட்டையைப் பிடித்தது என்று ஆரம்பித்துவிடுவோம். சரித்திரக்காரர்களும் அவருடைய நாள்குறிப்பை அதற்காகத்தான் புரட்டினார்கள். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் பாடத்தில் துய்ப்ளேக்ஸுக்குப் பக்கம் பக்கமாக இடம் இருந்தது, பிள்ளைக்கு ஒரே ஒரு வாக்கியம். பிற்பாடு கள்ளக்குறிச்சியில் அரசாங்க கிளார்க்காகக் காலம் தள்ளி, ரிட்டயர் ஆகி, சாவகாசமாக அந்தக் குறிப்புகளைப் படித்தபோது சண்டைகள் எனக்கு அலுத்துப்போயின. அந்த மனிதருடைய அன்றாடம்தான் பிடித்துக்கொண்டது. யாரைப் பார்க்கப் போனார், எவ்வளவு நேரம் காத்திருந்தார், யார் சொன்ன வார்த்தை மனசில் தைத்தது, எந்த மரியாதை கிடைத்துக் குளிர்ந்துபோனார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இந்த வயதில் நாம் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொள்வதும் ஏறக்குறைய இதைத்தானே!

பிள்ளை பிறந்தது 1709-ல், சென்னைப் பெரம்பூரில். தகப்பனார் திருவேங்கடம் பிள்ளை வியாபாரத்துக்காகப் புதுச்சேரிக்கு வந்தவர். 1736 செப்டம்பர் 6-ந் தேதி, தமிழ்க் கணக்கில் நள வருஷம் ஆவணி மாதம், இருபத்தேழு வயதில் பிள்ளை எழுத ஆரம்பித்தார். கப்பல் வருவது போவது முதல் ஊரில் காதில் விழும் சங்கதி வரைக்கும் எழுதினார். இடையிடையே விட்டுப்போன நாட்கள் உண்டு. ஆனாலும் 1761 ஜனவரி வரை, இருபத்து நாலு வருஷத்துக்கு மேல், அந்தப் பழக்கத்தை அவர் கைவிடவில்லை. இங்கிலாந்தில் சாமுவேல் பீப்ஸ் என்ற ஒருவர் இதே மாதிரி எழுதிப் புகழ் பெற்றார், 1660 முதல் 1669 வரை. பிள்ளையை 'இந்தியாவின் பீப்ஸ்' என்பார்கள். பீப்ஸும் கடற்படை அலுவலகத்தில் கிளார்க் என்ற பெயருள்ள பதவியில் இருந்தவர்தான் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். 1666-ல் லண்டன் பற்றி எரிந்தபோது அவர் தன்னுடைய பாலாடைக்கட்டியைத் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்து வைத்தாராம். லண்டன் தீயைப் பற்றி நான் படித்ததெல்லாம் மறந்துவிட்டது, அந்தப் பாலாடைக்கட்டி மட்டும் மறக்கவில்லை.

பிள்ளையின் ஒரு நாள் எப்படிப் போகும்? காலையில் கவர்னர் மாளிகைக்குப் போவார். கவர்னர் காப்பி சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும், முகம் நன்றாக இருக்க வேண்டும், பக்கத்தில் வேண்டாதவர்கள் இருக்கக் கூடாது. அப்புறம்தான் விஷயத்துக்கு வருவார். கவர்னர் என்ன கேட்டார், தான் என்ன பதில் சொன்னார் என்பதைப் பேச்சு வாக்கிலேயே எழுதி வைப்பார். அங்கிருந்து கிளம்பித் தன் பாக்குக் கிடங்குக்கு வந்து உட்காருவார். இந்தப் பாக்குக் கிடங்கு குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது. வியாபாரிகள், குமாஸ்தாக்கள், ஊர்ப் பெரியவர்கள், வம்பு கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் வருவார்கள். நம்ம ஊரில் டீக்கடை பெஞ்சு மாதிரி, உரக்கடை வாசல் மாதிரி ஒரு இடம். ஆற்காட்டு நவாப் சமாசாரமும் துணி விலையும் அங்கே ஒரே மூச்சில் பேசப்படும். சாயங்காலத்துக்குள் அத்தனையும் நோட்டில் ஏறிவிடும்.

பாஷையைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்து எழுத்துத் தமிழ் செய்யுளும் உரையாசிரியர் நடையுமாக இருந்தபோது, இவர் வாயில் வந்தபடி எழுதினார். முசே, மதாம், கும்பினி என்று பிரெஞ்சும் போர்ச்சுகீசும் துலுக்க வார்த்தையும் கலந்து ஓடும். புதுச்சேரிக்காரனுக்கு இது நூதனமாகவே படாது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவரை இன்றைக்கும் அங்கே 'சொல்தா' என்றுதானே சொல்கிறோம்!

இனி, என்னைப் போன்ற ஆபீஸ்காரர்கள் ரசித்துப் படிக்க வேண்டிய கட்டம். 1746 பிப்ரவரியில் பெரிய துபாஷியாக இருந்த கனகராய முதலியார் காலமானார். துபாஷி என்றால் வெறும் மொழிபெயர்ப்பாளர் என்று நினைத்துவிட வேண்டாம். கும்பினிக்கும் ஊர் ஜனங்களுக்கும் நடுவில் எல்லாக் காரியமும் அவர் கை வழியாகத்தான் போகும். அடுத்தது பிள்ளைதான் என்று ஊரே சொன்னது, வேலையும் அவர்தான் பார்த்தார். உத்தரவு மட்டும் வரவில்லை. முதலியாரின் தம்பி ஒரு பக்கம் முயற்சி செய்கிறார். கவர்னரின் மனைவி மதாம் துய்ப்ளேக்ஸ் புதுச்சேரியிலேயே பிறந்தவர், தமிழ் தெரிந்தவர். அவருக்குப் பிள்ளையைக் கண்டால் ஆகாது, வேறு ஆளைச் சிபாரிசு செய்கிறார். ஒவ்வொரு நாளும் யாராவது பாக்குக் கிடங்குக்கு வந்து, "இன்னாருக்கு ஆகிவிட்டதாம்" என்று ஊதிவிட்டுப் போகிறார்கள். பிள்ளை தனக்கு ஆசையே இல்லாததுபோலப் பேசிக்கொண்டு, கேட்ட ஒவ்வொரு வார்த்தையையும் வீட்டுக்கு வந்து எழுதுகிறார். அந்த வருஷம் செப்டம்பரில்தான் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். ஆனால் படிக்கிறவனுக்குச் சென்னை விழுந்ததைவிட பிள்ளைக்கு ஆர்டர் எப்போது வரும் என்பதே பதைப்பாக இருக்கும். 1747-ல்தான் முறைப்படி பதவி வந்தது.

ப்ரமோஷன் பட்டியல் எங்கோ ஒரு மேஜையில் தூங்கிக்கொண்டிருக்க, 'இன்சார்ஜ்' என்ற பெயரில் இரண்டு சீட்டு வேலையையும் ஒருத்தனே பார்த்த அனுபவம் உங்களில் எத்தனை பேருக்கு உண்டு? எனக்கு உண்டு. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது சரியாக ஒரு நண்பர் வந்து, "லிஸ்ட்ல உங்க பேர் இல்லையாமே சார்" என்பார். அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. 'இன்சார்ஜ்' என்ற வார்த்தையும் ஃபேனும் மட்டும் பிள்ளை காலத்தில் இல்லை.

பதவி வந்த பிறகு அவருக்குக் கிடைத்த மரியாதைகளைப் பாருங்கள். வாத்தியம் முழங்கப் பல்லக்கில் கவர்னர் மாளிகைக்குள்ளேயே போகலாம். தங்கப்பூண் போட்ட கைத்தடி வைத்துக்கொள்ளலாம். மாளிகைக்குள் செருப்போடு நடக்கலாம். முசாபர் ஜங் என்ற நவாப் மூவாயிரம் குதிரை மன்சப் என்ற பட்டமும், செங்கற்பட்டில் ஜாகீரும் கொடுத்தார். ஆனந்தப் புரவி என்று சொந்தக் கப்பல் வேறு இருந்தது. என் கண்ணுக்கு இதிலெல்லாம் பெரியது அந்தச் செருப்புதான். பெரிய அதிகாரியின் அறை வாசலில் கிராமத்து ஆட்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவதை நான் சர்வீஸ் முழுக்கப் பார்த்திருக்கிறேன். கழற்றச் சொல்லி யாரும் போர்டு மாட்டியதில்லை. கழற்றாமல் உள்ளே வந்தவர்களும் அதிகமில்லை.

அவருடைய வீடு புதுச்சேரியில் ரங்கப்பிள்ளை வீதியில், பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இன்னமும் இருக்கிறது. கீழே மரத்தூண்களோடு நம்ம ஊர் முற்றம், மேலே பிரெஞ்சுப் பாணியில் காரைத் தூண்கள். மனிதரும் அப்படித்தான். கீழ்த்தளத்தில் ஜோசியம், நல்ல நேரம், சகுனம். மேல்தளத்தில் கும்பினிக் கணக்கு.

சங்கடங்களும் குறைவில்லை. பெரிய அடி 1748-ல் விழுந்தது. ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தபோது, ஊரின் வேதபுரீஸ்வரர் கோவிலைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்துப்போட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் பிள்ளையிடம் வந்து முறையிட்டார்கள். தங்கப்பூண் தடியும் பல்லக்கும் வைத்திருந்த பெரிய துபாஷியால் அதைத் தடுக்க முடியவில்லை. மதாம் மேலும் பாதிரிமார் மேலும் இருந்த கோபத்தை அவர் நோட்டில்தான் கொட்டினார், நேரில் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். மேலதிகாரி தப்பு செய்யும்போது பக்கத்தில் நிற்கிற கீழதிகாரியின் நிலைமை அந்தப் பக்கங்களில் அப்படியே இருக்கிறது.

இத்தனை சொன்னாலும் பிள்ளையை உச்சியில் தூக்கி வைக்க நான் தயாரில்லை. 1743-ல் ஏழைகளை ஏமாற்றிப் பிடித்து அடிமைகளாகக் கப்பலேற்றிய ஒரு கும்பலின் சங்கதியை எழுதியிருக்கிறார். 1745-ல் சம்பா கோவிலுக்குள் சாதிக் கிறிஸ்தவர்களையும் மற்றவர்களையும் பிரித்து நின்ற சுவரை இடித்த ரகளையையும் எழுதியிருக்கிறார். இதையெல்லாம் பதிந்து வைத்ததற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் சாதி முறை குலைவது அவருக்கு ரசிக்கவில்லை. அந்தச் சுவருக்கு அப்பால் உட்கார்ந்தவர்களின் ஒரு நாள் எப்படிப் போயிற்று, கப்பலேறியவனின் பெண்டாட்டி அன்றைக்கு என்ன பொங்கினாள் என்பது அவர் நோட்டில் கிடையாது. பாக்குக் கிடங்குக்கு வர முடிந்தவர்கள்தான் அதில் வருகிறார்கள்.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குக் கல்வராயன் மலை ஞாபகம் வரும். சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்று மூன்று ஜாகீர்களாக இருந்த அந்த மலையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது 1976-ல்தான். அதற்குப் பின்னால் வேலை நிமித்தமாக வெள்ளிமலைப் பக்கம் சில தடவை போயிருக்கிறேன். ஒரு தடவை முதியோர் உதவித்தொகை விண்ணப்பம் எழுத ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். வயது என்ன என்று கேட்டேன். "அதெல்லாம் ஆருக்குங்க தெரியும்?" என்று சிரித்தார். வயதைச் சொல்வதற்குப் பதிலாக, சாமைக் கொல்லையில் காட்டுப்பன்றி புகுந்த கதை, கடுக்காயும் புளியும் தலைச்சுமையாகக் கட்டிக்கொண்டு கச்சிராயபாளையத்துக்கு விடியுமுன் இறங்கினது, வியாபாரியின் தராசு எப்போதும் அவன் பக்கமே சாய்ந்தது, உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு இருட்டில் மலையேறினது என்று அரை மணி நேரம் சொன்னார். பிள்ளையின் பத்து நாள் குறிப்புக்குக் குறையாத சரக்கு. என் கையில் இருந்த படிவத்தில் அதற்குப் பத்தி இல்லை. 'வயது: சுமார் 65' என்று எழுதி, கைநாட்டு வாங்கி அனுப்பினேன். பணம் வந்தது. அந்த அரை மணி நேரம் எந்த ஃபைலிலும் இல்லை. அடங்கலில் பார்த்தால் அவர் கொல்லையில் சாமை விளைந்தது தெரியும். பன்றி தின்றது தெரியாது.

நம்ம பக்கத்துக்கும் அந்த நோட்டின் கடைசிக் காலத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. உளுந்தூர்ப்பேட்டை சாலையில் போகும்போது தியாகதுருகம் மலைக்கோட்டையை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 1760-ல் ஆங்கிலேயர் நெருக்க, பிரெஞ்சுத் தளபதி லாலி மைசூர் ஹைதர் அலியிடம் உதவி கேட்டு, அதற்கு விலையாக இந்தக் கோட்டையை விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டான். மைசூர்ப் படை இந்த வழியாகத்தான் வந்தது, பிறகு திரும்பியும் போயிற்று. புதுச்சேரிக்குள் பஞ்சம் வந்தது. சாப்பாடு போதாது என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர் ஜனங்களை லாலி கோட்டைக்கு வெளியே துரத்தினான். ஆங்கிலேயர் வழிவிடாமல், அவர்கள் இரண்டு படைகளுக்கும் நடுவில் நாட்கணக்கில் தவித்தார்கள். பிள்ளைக்கு அப்போது பதவி போய்விட்டது, லெறி கவர்னர் காலத்திலேயே அது கைவிட்டுப் போனது. உடம்பும் ஒத்துழைக்கவில்லை. பழைய நீளமான பேச்சுகள் குறைந்துபோயின. ஆனாலும் எழுத்து நிற்கவில்லை. 1761 ஜனவரியில், ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போன அதே மாதத்தில், அவர் காலமானார். சில நாள் கழித்துத் தியாகதுருகமும் விழுந்தது.

நோட்டுகள் வீட்டிலேயே கிடந்தன. 1846-ல் கலுவா மோம்ப்ரோன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்து வெளியே சொன்னார். 1894-ல் ழுயிலியேன் வேன்சோன் சில பகுதிகளைப் பிரெஞ்சில் போட்டார். சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. தமிழில் எழுதிய நோட்டு தமிழில் அச்சேற 1948 வரை காத்திருந்தது! 2019-ல் ராஜேந்திரனும் வெண்ணிலாவும் பதிப்பித்து, அகநி வெளியீடாகப் பன்னிரண்டு தொகுதிகள் வந்திருக்கின்றன. பிரபஞ்சன் இந்தக் குறிப்புகளை வைத்துத்தான் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' நாவல்களை எழுதினார்.

பன்னிரண்டு தொகுதியா என்று மலைக்க வேண்டாம். முதலிலிருந்து தொடங்கவும் வேண்டாம். கனகராய முதலியார் செத்துப்போகிற 1746-லிருந்து ஆரம்பியுங்கள், பதவி கிடைக்கிறவரைக்கும் கீழே வைக்க மாட்டீர்கள். எழுத்து நமக்குப் பழக்கமில்லாத மாதிரி இருக்கும். வாய்விட்டுப் படித்தால் சுலபமாகப் புரிந்துவிடும், ஏனென்றால் அது பேசினபடி எழுதினது. நான் அப்படித்தான் சாயங்காலங்களில் படிக்கிறேன். நேற்று 'முசே' என்று நாலாவது தடவை வந்தபோது, சமையலறையிலிருந்து என் மனைவி, "யாருங்க அந்த முசே, மாடி போர்ஷனுக்கு வாடகைக்கு வர்றாரா?" என்று கேட்டாள்.