இரண்டு ஓட்டுகளின் கதை: பிலடெல்பியா முதல் பார்வதிபுரம் வரை

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையை ஒட்டிய ஒரு சேரியில், மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை பத்துப் பதினைந்து இளைஞர்களோடு உட்கார்ந்து பேசுவது என் வழக்கம். பெரும்பாலும் கம்பெனிகளில் ஒப்பந்தத் தொழிலாளர்கள். நைட் ஷிப்ட் இருப்பவர்கள் பாதியில் எழுந்து போய்விடுவார்கள். போன முறை ஒரு தம்பி போனை நீட்டினான். வாட்ஸ்அப்பில் வந்த செய்தி. "நமக்கு ரெட்டை ஓட்டு இருந்துச்சாம், 1961ல புடுங்கிட்டாங்களாம். நெஜமாண்ணா?"

பாதி நிஜம். இரண்டு வேறு கதைகளை யாரோ ஒன்றாக முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். நம் மேடைகளிலேயே இந்தக் குழப்பம் இருப்பதால், தோழர்களே, கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இதற்கு முதலில் அமெரிக்கா வரை போய்வர வேண்டும். ஒரு புதிய குடியரசு தன் ஆரம்ப வருடங்களில் எதற்காக அடித்துக்கொள்ளும் என்பது அங்கே பச்சையாகத் தெரிகிறது.

1787ல் பிலடெல்பியாவில் கூடி அரசியல் சட்டம் எழுதியவர்களுக்கு ஒரு சிக்கல். மக்கள்தொகைப்படி நாடாளுமன்ற இடங்கள் என்றால், அடிமைகளை எண்ணுவதா கூடாதா? அடிமைகளைச் சொத்து என்று சொன்ன தென் மாநிலத்துப் பண்ணையார்கள், எண்ணும் நேரம் வந்ததும் அவர்களும் மனிதர்களே என்றார்கள். கடைசியில் பேரம் படிந்தது: ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணலாம். ஓட்டு மட்டும் கிடையாது. அந்த எண்ணிக்கையில் வரும் கூடுதல் இடங்கள் எஜமானுக்கு.

இது ஏட்டுக் கணக்காக நிற்கவில்லை. பென்சில்வேனியாவிலும் வர்ஜீனியாவிலும் சுதந்திரமான மக்களின் தொகை ஏறத்தாழ சமம். ஆனால் 1800 ஜனாதிபதித் தேர்தலில் முன்னதற்கு 15 தேர்வாளர்கள், பின்னதற்கு 21. வர்ஜீனியாவின் பண்ணையார் தாமஸ் ஜெபர்சன் 73 ஓட்டு வாங்கி, 65 வாங்கிய ஜான் ஆடம்சைத் தோற்கடித்தார். அடிமைகளின் தலையை எண்ணி வந்த இடங்களைக் கழித்தால் ஆடம்ஸே வென்றிருப்பார் என்று பல வரலாற்றாசிரியர்கள் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அதே 1800 ஆகஸ்டில் அதே வர்ஜீனியாவில் கேப்ரியல் என்ற கொல்லுத் தொழிலாளி, ஓர் அடிமை, ரிச்மண்ட் நகரைப் பிடிக்கத் திட்டமிட்டார். பேய்மழையும் காட்டிக்கொடுத்தலும் சேர்ந்து அதைக் கெடுத்தன. அவரும் இருபதுக்கும் மேற்பட்ட தோழர்களும் தூக்கிலிடப்பட்டார்கள். தேர்தல் கணக்கில் அவர்களும் ஐந்துக்கு மூன்று என்ற வீதத்தில் இருந்தவர்கள்தான்.

அந்தத் தேர்தலில் இன்னொரு கூத்தும் நடந்தது. அன்றைய விதிப்படி ஒவ்வொரு தேர்வாளருக்கும் இரண்டு ஓட்டு. இது ஜனாதிபதிக்கு, இது துணை ஜனாதிபதிக்கு என்ற பிரிவு கிடையாது. ஜெபர்சன் கட்சிக்காரர்கள் அத்தனை பேரும் ஒரு ஓட்டை அவருக்கும் மற்றொன்றை ஆரோன் பர்ருக்கும் போட்டார்கள். இரண்டு பேருக்கும் 73. துணைக்கு நின்றவர் தலைவருக்குச் சமமாகிவிட்டார். பிரதிநிதிகள் சபையில் 36 முறை ஓட்டெடுத்த பிறகே 1801 பிப்ரவரியில் ஜெபர்சன் தேர்வானார். 1804ல் பன்னிரண்டாம் திருத்தம் வந்து இரண்டு ஓட்டையும் பிரித்துவிட்டது. மேலே இருப்பவர்களைச் சங்கடப்படுத்திய விதி மூன்றே வருடத்தில் மாறியது. ஐந்துக்கு மூன்று என்ற கணக்கு ஒழிய உள்நாட்டுப் போர் வரவேண்டியிருந்தது.

இப்போது நம் கதைக்கு வருவோம். இதிலும் இரண்டு ஓட்டு உண்டு, அதுவும் இரண்டு முறை.

முதலாவது 1932. ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு நமக்குத் தந்தது உண்மையான இரட்டை வாக்குரிமை: பொதுத்தொகுதியில் எல்லோரோடும் ஒரு ஓட்டு, தனி வாக்காளர் தொகுதியில் நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்க இன்னொரு ஓட்டு. வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும், நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து மண்ணில் பிறந்த தாத்தா இரட்டைமலை சீனிவாசனும் வாதாடிப் பெற்றது அது. காந்தி உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24ல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. மாகாணச் சபைகளில் 71 இடம் 148 ஆனது, சென்னை மாகாணத்துக்கு அதில் 30. இடம் இரட்டிப்பானது, அந்த இரண்டாவது ஓட்டு போய்விட்டது. ஒரு முறைகூட யாரும் போட்டுப் பார்க்காத ஓட்டு அது.

இரண்டாவது, குடியரசான பிறகு வந்தது. பெயர் இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரே தொகுதியில் இரண்டு இடம். ஒன்று பட்டியல் சாதிக்கோ பழங்குடிக்கோ ஒதுக்கப்பட்டது, மற்றது பொது. தலித்தானாலும் முதலியாரானாலும் ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு ஓட்டு. 1952ல் சென்னை மாநிலச் சட்டமன்றத்தின் 375 இடங்களுக்கு 309 தொகுதிகள். அதில் 66 இரட்டைத் தொகுதிகள். வாட்ஸ்அப் சொல்லும் 1961ல் போனது இதுதான். இது நமக்கு மட்டும் உரிய ஓட்டாக ஒருநாளும் இருந்ததில்லை.

இதைப் பொற்காலம் போல எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கட்சிகள் ஓர் ஆதிக்க சாதிக்காரரையும் ஒரு தலித்தையும் ஜோடியாக நிறுத்தின. வண்டியை ஓட்டுவது ஒருவர், பின்னால் தொற்றிக்கொண்டு வருவது இன்னொருவர். அம்பேத்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1952ல் வட பம்பாய் இரட்டைத் தொகுதியில் காங்கிரசின் கஜ்ரோல்கரிடம் ஏறத்தாழ 15 ஆயிரம் ஓட்டில் தோற்றார். 1954ல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்றார். இதில் ஒரு நுட்பம் உண்டு. 1937 தேர்தலில் பம்பாய் மாகாணத்தில் ஒரு வாக்காளர் தன் ஓட்டுகள் அத்தனையையும் ஒரே வேட்பாளருக்குக் குவிக்கலாம். சிறுபான்மைக்கு அது பெரிய ஆயுதம். குடியரசின் தேர்தல் சட்டம் அதை அனுமதிக்கவில்லை. ஒருவருக்கு இரண்டு ஓட்டையும் போட்டால் ஒன்றுதான் சேரும், மற்றது செல்லாது. அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவர் அந்தச் சட்டத்தின் கீழ் நாடாளுமன்றத்துக்கே போக முடியவில்லை. மாநிலங்களவை வழியாகத்தான் போனார்.

ஆனால் இரட்டைத் தொகுதிக்குள் ஒரு சின்ன வாசல் இருந்தது. எண்ணும்போது, ஒதுக்கப்பட்ட பிரிவினரில் அதிக ஓட்டு வாங்கியவர் தனி இடத்துக்கு. மிச்சமிருக்கும் எல்லோரிலும் அதிக ஓட்டு வாங்கியவர் பொது இடத்துக்கு, அவர் எந்தச் சாதியானாலும். 1957ல் ஆந்திராவின் பார்வதிபுரம் மக்களவைத் தொகுதியில் அந்த வாசல் திறந்தது. முதலிரண்டு இடத்தில் வந்த சத்தியநாராயணா, திப்பல சூரி தோரா இருவருமே பழங்குடிகள். மத்திய தொழிலாளர் அமைச்சராக இருந்தவரும் பின்னாளில் ஜனாதிபதி ஆனவருமான வி.வி.கிரி சில நூறு ஓட்டில் தோற்றார்.

கிரி வழக்குப் போட்டார். தனி இடத்துக்கு மனு செய்தவரைப் பொது இடத்துக்குத் தேர்வானவராக எப்படி அறிவிக்கலாம் என்பது அவர் வாதம். 1959ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒதுக்கீடு என்பது குறைந்தபட்ச உத்தரவாதம், அதற்கு மேல் போட்டியிடும் உரிமையைப் பறிக்கும் வேலி அல்ல என்பதே தீர்ப்பின் சாரம். இரண்டே வருடத்தில், 1961ல், இரட்டை உறுப்பினர் தொகுதி ஒழிப்புச் சட்டம் வந்தது. தொகுதி மிகப் பெரிது, செலவு கட்டுப்படியாகவில்லை என்றார்கள். அது பொய்யல்ல. ஆனாலும் நேரத்தைப் பாருங்கள். துணைக்கு நிறுத்தப்பட்டவர் தலைவரை முந்தியதும் அமெரிக்காவில் விதி மாறியது போலவே இங்கேயும் மாறியது.

அதன் பிறகு தனித்தொகுதி தனி, பொதுத்தொகுதி பொது. எழுத்தில் யாரையும் தடுக்கவில்லை. பொதுத்தொகுதியில் தலித்துக்கு சீட்டு கொடுக்கக் கட்சிகளுக்கு மனம்தான் வரவில்லை. 2001 இடைத்தேர்தலில் தலித் எழில்மலை திருச்சி பொதுத்தொகுதியில் வென்றதை இன்றுவரை உதாரணமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்றால், எத்தனை அரிது என்று புரியும். நம் ஸ்ரீபெரும்புதூரில் சட்டமன்றத் தொகுதி தனி. நாடாளுமன்றத் தொகுதியும் தனியாகவே இருந்தது. 1952ல் திருவள்ளூரிலிருந்து மக்களவைக்குப் போன மரகதம் சந்திரசேகர் பிற்காலத்தில் இங்கேதான் நின்றார். 2009லிருந்து அது பொது. அதற்குப் பிறகு இங்கே பெரிய கட்சிகள் நிறுத்திய வேட்பாளர் பட்டியலை நீங்களே ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்தத் தம்பி கேட்டான்: "அப்போ இப்ப தொகுதி மறுவரையறைன்னு பேசுறாங்களே, அதுல நம்ம தலையை யாரு கணக்குல எண்ணுவாங்க?" பக்கத்து லைன் வீடுகளில் ஒரு அறைக்கு ஆறு பேராக ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் தங்கியிருக்கிறார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுக்க வருகிறவர் அவர்களை இந்த ஊர்க் கணக்கில் எழுதுவார். அவர்கள் ஓட்டு பெரும்பாலும் சொந்த ஊரில். தேர்தல் நாளில் போய்வர ரயில் டிக்கெட்டுக்கும் விட்டுப்போகும் சம்பளத்துக்கும் யார் கொடுப்பார்கள்? அடிமைகளோடு அவர்களை நான் ஒப்பிடவில்லை. அந்த ஆறு பேரில் இரண்டு பேர் அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்தி தெரிந்த தோழர் யாராவது உடன் வந்தால் நல்லது.