பேஸ்மேக்கர்: பொருத்திய பின் வந்த சிக்கல்களின் வரலாறு

1958ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் தேதி, ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் ஆர்னே லார்சன் என்ற 43 வயது நோயாளிக்கு, உலகிலேயே முதன்முறையாக உடலுக்குள் முழுமையாகப் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது. நாளொன்றுக்குப் பலமுறை மயங்கி விழுந்துகொண்டிருந்தவர் அவர். அவருடைய மனைவி எல்ஸ்-மேரி விடாமல் வற்புறுத்தியதால்தான் மருத்துவர் ஓகே சென்னிங்கும், கருவியை வடிவமைத்த ரூனே எல்ம்க்விஸ்ட்டும் இதற்கு இணங்கினர்.

அந்தக் கருவி சில மணி நேரத்திலேயே நின்றுபோனது. உடனே இன்னொன்று பொருத்தினார்கள். லார்சன் தன் வாழ்நாளில் மொத்தம் 26 கருவிகளைப் பயன்படுத்தினார்! பொருத்துவதைவிட, பழுதை நேரத்தில் கண்டுபிடிப்பதே பெரிய சவால் என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி.

1960களின் பாதரச பேட்டரிகள் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளே உழைத்தன. பேட்டரி தீரத் தொடங்கினால் நாடித்துடிப்பு குறையும். ஆகவே நாடியை எண்ணிப் பார்ப்பதே எளிய எச்சரிக்கை மணியாக இருந்தது. 1972இல் வந்த லித்தியம்-அயோடின் பேட்டரி இந்தக் கவலையைப் பெருமளவு குறைத்தது.

ஆனால் பேட்டரி மட்டுமே பிரச்சினை அல்ல. இதயம் துடிக்கும் ஒவ்வொரு முறையும் வளையும் மின்கம்பி, ஆண்டுகள் கழித்து முறியலாம். அப்போது பழைய மயக்கமும் தலைச்சுற்றலும் திரும்பி வரும். நோயாளி தன்னையறியாமல் தோலுக்கடியில் உள்ள கருவியைத் திருப்பித் திருப்பி, கம்பி சுருண்டு இடம் பெயர்வதும் உண்டு. இது 1968இல் மருத்துவ இதழில் விவரிக்கப்பட்டது. எக்ஸ்ரே எடுத்தால் இது தெரிந்துவிடும். கருவி ஒழுங்காக வேலை செய்தும் மேலறையும் கீழறையும் ஒத்திசைவின்றித் துடிப்பதால் சோர்வும் மூச்சுத்திணறலும் வரலாம் என்பது 1969இல் வெளியானது.

இவற்றுள் ஏமாற்றக்கூடியது கிருமித்தொற்று. அறுவை முடிந்து பல மாதங்கள், ஏன் ஆண்டுகள் கழித்தும் அது தலைகாட்டும். கருவி இருக்கும் இடத்தில் சிவப்பு, வீக்கம், வலி, தோல் மெலிதல் ஆகியவை அடையாளங்கள். சிலருக்கு விட்டுவிட்டு வரும் காய்ச்சல் மட்டுமே இருக்கும். அதைச் சாதாரணக் காய்ச்சல் என்று விட்டால் தொற்று இதய வால்வு வரை பரவி உயிருக்கே ஆபத்தாகும். பெரும்பாலும் மருந்து மட்டும் போதாது. கருவியையும் கம்பியையும் அகற்றவே வேண்டியிருக்கும்.

லார்சன் 2001 டிசம்பரில், 86ஆம் வயதில் காலமானார். காரணம் இதயம் அல்ல, புற்றுநோய். 1996இல் மறைந்த எல்ம்க்விஸ்ட்டுக்கும் 2000இல் மறைந்த சென்னிங்குக்கும் பின்னரும் அவர் உயிரோடு இருந்தார். ஒவ்வொரு பழுதும் உரிய நேரத்தில் கண்டறியப்பட்டதால் கிடைத்த 43 ஆண்டுகள் அவை.