ஹெருன் வாத்தியாரின் இலையுதிர்காலம்

1890 செப்டம்பர் 2ஆம் திகதி, யப்பானின் மட்சுயே நகரில் ஓர் ஆங்கில ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்தார். பெயர் லஃப்காடியோ ஹெர்ன். வயது நாற்பது. தாய் கிரேக்கர், தந்தை ஐரிஷ்காரர். வளர்ந்தது டப்ளினில், பத்திரிகை எழுதிப் பிழைத்தது அமெரிக்காவில். பதினாறு வயதில், இங்கிலாந்தில் விடுதி மாணவனாக இருந்தபோது இடது கண்ணின் பார்வை போய்விட்டது. மட்சுயேயில் அவருக்கு ஒரு வருட ஒப்பந்தம், மாதம் 100 யென் சம்பளம். ஆண்கள் நடுநிலைப் பள்ளியிலும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலும் கற்பிக்கவேண்டும்.

யப்பானிய எழுத்தில் அவர் பெயர் 'ஹெருன்' என்று ஆகிவிட்டது. அதுவே நிலைத்தது. அந்த ஊருக்கு இன்றும் அவர் ஹெருன்சான்தான். வரவுப் பதிவேட்டில் பெயர் உருமாறிப்போன நம்மவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

1894இல் வெளிவந்த அவருடைய முதல் யப்பான் நூலில், ஓர் ஆங்கில ஆசிரியரின் நாட்குறிப்பாக ஓர் அத்தியாயம் இருக்கிறது. நானும் வேற்றுநாட்டில் பையன்களுக்குப் பாடம் சொல்பவன். அதனால் ஒவ்வொரு வருடமும் இலை பழுக்கும் நாட்களில் அதை எடுத்துப் படிப்பேன்.

மொழி தெரியாத அவரை முதல் நாளே கையைப் பிடிக்காத குறையாக வழிநடத்தியவர் நிஷிதா செந்தாரோ என்ற சக ஆசிரியர். வகுப்பில் பிரம்பு இல்லை. ஆசிரியர் அண்ணன் மாதிரி. மாணவன்மேல் கை வைத்தால் வேலை போய்விடும் என்று ஹெர்ன் வியப்போடு எழுதுகிறார். பிரம்போடு வளர்ந்த எங்கள் தலைமுறைக்கும் அது வியப்புத்தான்.

அவருடைய மாலைகள் கொப்பி திருத்துவதில் கழிந்தன. ஒரு பொருளைப் பற்றி எழுதச் சொன்னால், பல கொப்பிகளில் ஒரே மாதிரி உவமை வந்தது. பார்த்து எழுதினார்கள் என்று அவர் நினைக்கவில்லை. பழைய சீன, யப்பானியக் கவிகள் அந்தப் பையன்களுக்காக முன்பே கண்டுவைத்த உவமை அது என்று புரிந்துகொண்டார். பிழை திருத்தும் வேலை அவருக்கு ஒரு நாட்டைப் படிக்கும் வேலையாக மாறியது. அக்டோபர் 15ஆம் திகதி கோட்டை மைதானத்தில் மாகாணப் பாடசாலைகளின் விளையாட்டுப் போட்டி. அதையும் பையனைப்போலப் பூரித்து எழுதியிருக்கிறார்.

அதே மாதம் 30ஆம் திகதி கல்வி பற்றிய பேரரசரின் ஆணை வெளியானது. விசுவாசத்தையும் பெற்றோர் பக்தியையும் கல்வியின் வேராகச் சொன்னது. ஆபத்து வந்தால் நாட்டுக்குத் தன்னை அர்ப்பணிக்கச் சொன்னது. நவம்பர் 3 பேரரசரின் பிறந்தநாள். பாடசாலை மண்டபத்தில் அவர் படத்தின் முன் எல்லோரும் வணங்கினார்கள். ஹெர்னும் வணங்கினார்.

ஒரு மாணவன் அதைக் கவனித்திருந்தான். முன்பு இருந்த ஆங்கில ஆசிரியர், ஒரு பாதிரியார், இப்படி வணங்குகிறவர்களைக் காட்டுமிராண்டிகள் என்றாராம். ஹெர்ன் அந்தப் பேச்சை வன்மையாக மறுத்தார். பேரரசரை மதிப்பது உன் கடமை, நாட்டுக்காக அவர் கேட்டால் இரத்தம் தரவும் தயாராக இருப்பது கடமை என்று பையனுக்குச் சொன்னார்.

இந்த இடத்தில்தான் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். இரண்டு மாதம் கழித்து, 1891 சனவரி 9ஆம் திகதி, தோக்கியோவின் முதலாம் உயர்நடுநிலைப் பள்ளியில் உச்சிமுரா கான்சோ என்ற ஆசிரியர் அதே ஆணையின் முன் போதிய அளவு குனியவில்லை. அவர் கிறிஸ்தவர், மண்ணின் மைந்தர். நாடே கொதித்தது, வேலை போனது. வந்தவர் குனிந்தார், அது நல்லெண்ணமாயிற்று. சொந்தக்காரர் தயங்கினார், அது துரோகமாயிற்று.

விருந்தாளி வணங்குவது மரியாதை. ஹெர்னைப் பொறுத்தவரை அது அன்பும்கூட. அவமதித்தவர்களுக்கு எதிராகப் பையன்களின் பக்கம் நின்றார். ஆனால் விருந்தாளி வீட்டுப் பிள்ளைக்கு இரத்தம் கொடு என்று சொல்லும்போது, கொடுக்கப்போவது அவர் இரத்தம் அல்ல. அன்று பதினைந்து வயதில் இருந்தவனுக்கு, ரஷ்யப் போர் தொடங்கிய 1904இல் இருபத்தொன்பது வயது. அந்தப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, செப்டம்பர் 26ஆம் திகதி, ஹெர்ன் தோக்கியோவில் காலமானார்.

இடையில் 1896இல் கொய்சுமி யாக்குமோ என்ற பெயரில் அவர் யப்பானியக் குடிமகனாகியிருந்தார். 1903இல் தோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகம் அவரை விட்டுவிட்டு, இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய நட்சுமே சோசெகியை அந்த இடத்தில் அமர்த்தியது.

ஆனாலும் அவரை வெறும் துதிபாடி என்று ஒதுக்க முடியவில்லை. மட்சுயே மாணவன் ஓத்தானி பின்னாளில் தோக்கியோவில் படித்தபோது கட்டணம் கட்டியவர் ஹெர்ன். யோகோகி என்ற மாணவன் நோயில் கிடந்ததையும் அவர்தான் எழுதிவைத்தார். சாகுமுன் ஓர் இரவு, பாடசாலையைப் பார்க்கவேண்டும் என்று அவன் கேட்டான். குளிரில் போர்த்தி, ஒரு பணியாள் அவனை முதுகில் சுமந்து சென்று காட்டினார். ஆணையும் படமும் பெரிதாக இருந்த காலத்தில் அந்தப் பையன் கடைசியாகப் பார்க்க விரும்பியது தன் வகுப்பறையின் இருண்ட யன்னலைத்தான்.