பின்வரிசைக் கோபுரங்கள்

அனல்மின் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இரண்டு குளிர்விப்புக் கோபுரங்களுக்கு நடுவே நடந்து போனேன். வெளியே சட்டைக் காலர் படபடக்கும் அளவுக்குத்தான் காற்று. இடைவெளிக்குள் நுழைந்ததும் அக்குளில் இடுக்கியிருந்த வரைபடச் சுருளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. "இந்தச் சந்துல மட்டும் காத்துக்கு அவசரம் ஜாஸ்தி சார்" என்று சிரித்தார் மேஸ்திரி. அதைத்தான் இங்கிலாந்துப் பொறியாளர்கள் பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள்.

யார்க்‌ஷரில் இருக்கிறது ஃபெர்ரிபிரிட்ஜ். அங்கே கட்டிய புது மின்நிலையத்துக்கு எட்டுக் கோபுரங்கள். வரிசைக்கு நாலாக இரண்டு வரிசை. முன்வரிசை இடைவெளிக்கு நேரே பின்வரிசைக் கோபுரம் வரும்படி மாற்றி மாற்றி நிறுத்தியிருந்தார்கள். உயரம் 375 அடி. கான்கிரீட் ஓட்டின் கனமோ பெரும்பகுதியில் ஐந்து அங்குலம்தான். அகலத்தோடு ஒப்பிட்டால் கோழிமுட்டை ஓடு இதைவிடத் தடிமன்!

1965 நவம்பர் 1, திங்கட்கிழமை. மேற்கிலிருந்து புயற்காற்று. நம் ஊர்க் கணக்கில் ஐப்பசி. ஆடிக்காற்றுக்கு அம்மி பறக்கும் என்பதெல்லாம் அங்கே செல்லாது. காலையில் ஒரு கோபுரம் சரிந்தது, அடுத்து இன்னொன்று, பிறகு மூன்றாவது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. விழுந்த மூன்றுமே பின்வரிசை. காற்றுக்கு நேரே நெஞ்சைக் காட்டிய முன்வரிசை, விரிசல் கண்டாலும் நின்றது.

காற்றுச் சுரங்கச் சோதனையில் தனிக் கோபுரத்தைத்தான் வைத்துப் பார்த்திருந்தார்கள். முன்னால் நின்றவற்றின் இடையே பிதுங்கி வேகமெடுத்து, அவற்றின் முதுகில் சுழன்று, விட்டுவிட்டு மோதும் காற்று கணக்கிலேயே இல்லை. போதாததற்கு, காற்றின் வேகத்தை ஒரு நிமிட சராசரியாக எடுத்திருந்தார்கள். சில விநாடி வீச்சு அதைவிட மூர்க்கம். பலமடங்கு என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கூடுதலே போதுமாக இருந்தது. காற்றை எதிர்கொண்ட பக்கத்தில் ஓடு மேல்நோக்கி இழுபட்டது. சொந்தப் பாரத்தால் அதை அமுக்கிவைக்க முடியவில்லை. நடுவில் ஒற்றை அடுக்காகப் போட்டிருந்த கம்பிவலையாலும் தாங்க முடியவில்லை.

கணக்குப் போட்டவர்களை நான் ஒரேயடியாகக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் எட்டுக் கோபுரம் கட்டுகிறவர்கள், சோதனைக்கு ஒன்றுக்குப் பதில் எட்டு மாதிரிகளை வைத்திருக்க வேண்டாமா?

மூன்றையும் திரும்பக் கட்டினார்கள், மற்றவற்றை வலுப்படுத்தினார்கள். 2016-ல் நிலையம் மூடப்பட்டது. எட்டில் கடைசி மூன்றை 2022 மார்ச்சில் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.